குரல் நின்றால் கொக்கி நிற்கும்

முதல் நாள் அவள் பழியைக் கிரேன்மீதுதான் போட்டாள். அதில் தப்பு சொல்வதற்கில்லை. அத்தனை உயரத்தில், ஒரு கண்ணாடிக் கேபினுக்குள் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் கண்ணாடித் தரை வழியாகக் கீழே குனிந்து பார்க்கும்போது உலகம் ஒரு சுற்றுச் சுற்றினால், எவளும் முதலில் இரும்பைத்தான் சந்தேகப்படுவாள், மண்டையை அல்ல. வாக்கி டாக்கியை எடுத்து, "கிரேன் ஆடுது, ஆள அனுப்புங்க" என்றாள்.

இலைகூட அசையாத காலை அது. ஆனாலும் சொன்னது மேலிடம் அல்லவா. அந்த சைட்டில் அவளுக்கு அதுதான் பெயர். எல்லோரையும் குனிந்தே பார்க்கிறவள், அவள் கை அசைந்தால்தான் கீழே எதுவும் அசையும் என்பதால் யாரோ வேடிக்கையாக வைத்தது, நிலைத்துவிட்டது. கம்பி கட்டுகிறவர்கள்கூட "மேலிடத்து உத்தரவு வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வார்கள்.

மெக்கானிக் ஸ்பானரோடு ஏறினார். அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கிப் பார்த்துவிட்டு, கிரீஸும் வியர்வையுமாகச் சாயங்காலம் இறங்கினார். "எல்லாம் கல்லு மாதிரி இருக்கு. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்று முணுமுணுத்தார். அவள் முறைத்தாள்.

வீட்டுக்கு வந்து, அசதி தீரக் கட்டிலில் சாய்ந்து, வலப்பக்கம் புரண்டாள். கூரை வழுக்கிக்கொண்டு போனது. சுவர், ஜன்னல், அலமாரி எல்லாம் அதன் பின்னாலேயே போயின. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடினாள். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது. எழுந்து உட்கார்ந்தபோது அவளுக்கு உண்மை புரிந்தது. வீட்டுக்குப் போல்ட் கிடையாது.

அது அக்காவின் வீடு. மாடியில் ஓர் அறை இவளுக்கு. அக்காவிடம் ஒரு தும்மலைக்கூட மறைக்க முடியாது, இதை மறைப்பதா? விஷயம் தெரிந்த நாளிலிருந்து அடுப்படியே ஆஸ்பத்திரி ஆனது. முதலில் "உனக்கு ரத்தம் கம்மி" என்று பேரீச்சம்பழம் வந்தது. அது கேட்கவில்லை என்றதும் "இது பித்தம்" என்று எலுமிச்சம் சாறு. பிறகு "நீ வேளா வேளைக்குத் திங்கறதில்ல, தண்ணியும் குடிக்கறதில்ல" என்று தனி அர்ச்சனை. பாவம், அக்கா சொன்னதில் எதுவும் பொய்யில்லை. ரத்தம் குறைந்தாலும் தலை சுற்றும், பட்டினி கிடந்தாலும் சுற்றும், வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்றாலும் சுற்றும், பிரஷர் மாத்திரை கூடிப் போனாலும் சுற்றும். இதில் இவளுடைய சுற்றல் எது என்பதுதான் கேள்வி. அதை அடுப்படியில் நின்றபடி கண்டுபிடிக்க முடியாது.

"டாக்டர்கிட்ட போயேன்டி" என்றாள் அக்கா.

"போறேன் போறேன்."

அவள் போகமாட்டாள். டாக்டர் ஏதாவது எழுதுவார், அது என்ஜினியர் கைக்குப் போகும், மறுநாளே தன் சீட்டில் வேறொருவன் உட்காருவான் என்பது அவள் கணக்கு. அந்தச் சீட் சும்மா கிடைத்ததா? கயிறு தூக்கி, கிரீஸ் தடவி, "பொம்பளைக்கு அங்க என்ன வேலை" என்கிற பேச்சை எல்லாம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டு, வருஷக்கணக்கில் அண்ணாந்து பார்த்துப் பார்த்து ஏறிய இடம் அது. அதை விட்டுக்கொடுப்பதற்குப் பதில் அவள் கழுத்தை விட்டுக்கொடுத்தாள். குனியாமல், திரும்பாமல், பலகை கட்டியதுபோல விறைப்பாக உட்கார்ந்து, கண்ணை மட்டும் உருட்டி வேலை பார்த்தாள்.

ஊரையே ஏமாற்றலாம், அத்தானை ஏமாற்ற முடியுமா? அக்காவின் வீட்டுக்காரர்தான் அவளுக்குச் சிக்னல் கொடுப்பவர். கட்டடத்தின் உச்சித் தளத்தில் வாக்கியோடு நின்று, அவள் கண்ணுக்கு எட்டாத இடத்தில் பாரம் இறங்கும்போதெல்லாம் அவர்தான் அவளுக்குக் கண். "இறக்கு, இறக்கு, மெல்ல, மெல்ல" என்று பாரம் தரை தொடும்வரை விடாமல் பேசிக்கொண்டே இருப்பார். இடையில் அவர் குரல் நின்றுவிட்டால், என்ன ஏது என்று கேட்கக்கூடாது. உடனே நிறுத்திவிட வேண்டும். "குரல் நின்னா கொக்கி நிக்கணும்" என்பது அவர் அவளுக்குச் சொன்ன முதல் பாடம். வாக்கியில் பேட்டரி தீர்ந்தால் கை. ஆள்காட்டி விரலை வானத்துக்கு நீட்டி வட்டம் போட்டால், ஏத்து என்று அர்த்தம்.

இவ்வளவு நாள் அவர் வாய் மூடுமுன் கொக்கி நின்றுகொண்டிருந்தது. இப்போது ஒரு மூச்சு தாமதித்து நின்றது. ஒரு நாள் கம்பிக்கட்டு சாரத்தை உரசிக்கொண்டு போனது. யாருக்கும் அடியில்லை. அன்று வீட்டில் அவர் சோற்றைப் பிசைந்தபடி, "கழுத்துல என்ன?" என்று கேட்டார்.

"பிடிப்பு" என்றாள் இவள்.

"பிடிப்பாவது ஒண்ணாவது, மாசக்கணக்கா தலை சுத்தல்" என்றாள் அக்கா, சோறு போட்டுக்கொண்டே. அவளுக்கு மறைக்கவும் வராது.

அத்தான் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். மறுநாள் காலை நேராக என்ஜினியரின் அறைக்குப் போனார். இவள் ஏணியில் கால் வைக்குமுன் உத்தரவு வந்துவிட்டது: இறங்கு. அவள் சீட்டுக்கு வேறொருவரை வரவழைத்தார்கள். அவளுக்கு ஸ்டோரில் கையுறை எடுத்துக் கொடுக்கும் வேலை. மேலிடம் கீழே வந்ததைப் பார்க்க அன்று ஸ்டோருக்கு வந்த கூட்டம், கையுறைக்காக வந்த கூட்டம் இல்லை.

அவள் அத்தானைக் கேட்டின் அருகே மடக்கினாள். "கூட இருந்தே குழி பறிச்சிட்டீங்க."

"ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா கேட்டிருப்பியா? கோபப்படு, வேணாங்கல. ஆனா டாக்டர்கிட்ட போ."

அதற்கப்புறம் அவள் அவரோடு பேசுவதை விட்டாள். வீட்டில் இருவரும் ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார்கள், அக்காவைத் தபால்காரியாக வைத்துக்கொண்டு.

இழப்பதற்கு இனி என்ன இருக்கிறது என்ற கோபத்தில்தான் அவள் டாக்டரிடம் போனாள். காது மூக்கு தொண்டை பார்க்கும் அம்மா. படுக்க வைத்து ஒரு தரம், நிற்க வைத்து ஒரு தரம் பிரஷர் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். என்ன மாத்திரை சாப்பிடுகிறாய், காது கேட்பது குறைந்ததா, இரைகிறதா, நடக்கும்போது தள்ளாடுகிறதா என்று கேள்விமேல் கேள்வி.

"எப்ப சுத்துது? சும்மா இருக்கும்போதா, தலையை அசைக்கும்போதா?"

"குனிஞ்சு வலது பக்கம் பார்த்தா. படுத்துப் புரண்டா. கொஞ்ச நேரந்தான், அப்புறம் நின்னுடும்."

"தலையில அடி பட்டுச்சா?"

"இல்லையே" என்றவள், யோசித்துவிட்டுச் சொன்னாள். "கேபின்ல தண்ணி பாட்டில் உருண்டுச்சுன்னு குனிஞ்சு எடுத்தேன். நிமிரும்போது இரும்புல டங்குனு. எங்க வேலையில அதையெல்லாம் அடின்னு சொல்லமாட்டோம்மா."

டாக்டர் சிரித்துவிட்டார். அவளைப் படுக்கையில் உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் திருப்பிப் பிடித்து, சட்டென்று மல்லாத்திச் சாய்த்தார். அறை சுழன்றது. அவள் டாக்டரின் கையைக் கிரேன் பிடிப்பாகப் பிடித்தாள். "கண்ணை மூடாதம்மா, உன் கண்ணுதான் எனக்குச் சாட்சி. ஆடுது பார்" என்றார் அவர். சுழற்சி நின்றதும் தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினார், காத்திருந்தார். உடம்போடு புரட்டினார், காத்திருந்தார். பிறகு எழுப்பி உட்கார வைத்தார். காதுக்குள்ளே சுண்ணாம்புத் தூள் மாதிரி நுண்ணிய கற்கள் இருக்குமாம். அடிபட்டால் சில சமயம் இடம் பெயர்ந்து, போகக்கூடாத குழாய்க்குள் போய் உருளுமாம். அதைத் திருப்பி அனுப்பும் வழி இது. மருந்தில்லை, ஊசியில்லை.

"இது காதுக் கல். பயமில்ல. ஆனா ஒண்ணு கேட்டுக்கோ" என்று டாக்டர் விரலை மடக்கினார். "எல்லாத் தலைசுத்தலும் இது இல்ல. தலைசுத்தலோட பேச்சு குழறினா, ஒரு பக்கம் கை கால் விழுந்தா, முகம் கோணினா, ஒண்ணு ரெண்டா தெரிஞ்சா, நடக்க முடியாம ஒரு பக்கம் சாய்ஞ்சா, இதுவரைக்கும் வராத தலைவலி வந்தா, நெஞ்சு வலிச்சா, நினைவு தப்பினா, அப்ப ஒரு நிமிஷம்கூட வீட்ல வைக்கக்கூடாது. தலையைத் திருப்பறேன் பேர்வழின்னு உட்கார்ந்துடக்கூடாது."

அவள் தலையாட்டினாள். தலையாட்ட முடிந்த மகிழ்ச்சியிலேயே ஆட்டினாள். மனம் ஏற்கெனவே பாதி ஏணி ஏறியிருந்தது.

சில நாள் கழித்து டாக்டர் மறுபடி சாய்த்துப் பார்த்தார். கண் ஆடவில்லை. வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்தார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே கேன்டீன் பெஞ்சில் மெக்கானிக்கை மல்லாத்திப் போட்டு, தலையை அப்படியும் இப்படியும் திருப்பி, எல்லோருக்கும் செய்து காட்டினாள். சைட்டே கற்றுக்கொண்டது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து கண் இருட்டிய மெக்கானிக்குக்கு அடுத்த வாரமே இந்த வைத்தியம் நடந்தது. கையோடு டீயும் பன்னும் கொடுத்தார்கள். சரியாகிவிட்டது. பன்னுக்குப் போக வேண்டிய பேர் மேலிடத்துக்குப் போனது. டாக்டர் மடக்கிய விரல்களைப் பற்றி மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்கவில்லை, மறந்துவிட்டாள். பாதிக் கிணறு தாண்டுவதில் நம் எல்லோருக்குமே நல்ல பழக்கம்.

என்ஜினியர் மட்டும் உஷார். "டாக்டர் சொன்னது சரி. எனக்கும் நம்பிக்கை வரணும். ஏறு. ஒரு தடவை சுத்துச்சுன்னாலும் இறங்கிடணும். அப்புறம் அந்தச் சீட்டைக் கேக்கக்கூடாது" என்றார்.

அவள் ஏறினாள். கேபின் கதவைச் சாத்தினாள். வாக்கியில் அத்தானின் குரல் வந்தது. "ரெடியா?"

"ரெடி."

அதற்குமேல் வேலைப் பேச்சைத் தவிர ஒரு வார்த்தை இல்லை. அவர் சொன்னார், அவள் செய்தாள். டீ நேரம்வரை ஒவ்வொரு பாரமும் பூப்போல இறங்கியது.

டீ முடிந்து முதல் பாரம் ஒரு கம்பிக்கட்டு. "ஏத்து" என்ற அத்தானின் குரல் கொழகொழவென்று வந்தது. வாயில் பிஸ்கட் வைத்துக்கொண்டு பேசுகிறார் என்று நினைத்தாள். உச்சித் தளத்துக்கு மேல் கட்டு வந்ததும் "இடது, இடது" என்றார். இடது பக்கம் ஆட்கள் நின்றார்கள். அவள் கை தானாக நிதானித்தது. பிறகு, "இற..." என்றார். அதோடு குரல் நின்றது.

கொக்கி நின்றது.

"சொல்லுங்க" என்றாள். பதில் இல்லை. கட்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் அதே தளத்தில் நின்றிருந்த மெக்கானிக்கின் குரல் வந்தது, படு உற்சாகமாக. "மேலிடம், ஒண்ணுமில்ல. அவருக்குத் தலை சுத்துது. பலகையில படுக்க வைக்கிறோம். உன் வைத்தியம்தான், ஒரு நிமிஷம்."

அவளுக்கு டாக்டரின் மடக்கிய விரல் கண்முன் வந்தது. இந்த முறை முழுசாக வந்தது.

"தலையைத் தொடாதீங்க" என்றாள். "அவரைப் பேசச் சொல்லுங்க. ரெண்டு கையையும் தூக்கச் சொல்லுங்க."

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். பிறகு மெக்கானிக் பேசினார், உற்சாகம் வடிந்திருந்தது. "பேச்சு புரியல. வலது கை நிக்க மாட்டேங்குது, விழுது."

"அது காதுக் கல் இல்ல. மூளைக்குப் போற ரத்தம் அடைச்சிருக்கும். ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. குடிக்க எதுவும் குடுக்காதீங்க."

அப்போது அங்கேயே தளத்தைப் பார்வையிட வந்திருந்த என்ஜினியர் வாக்கியை வாங்கினார். "ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாச்சு. ஆனா இங்கிருந்து எப்படி இறக்கறது? லிஃப்ட் இன்னும் இந்தத் தளத்துக்கு வரல. படியில கான்கிரீட்டுக்கு முட்டுக் கொடுத்த கம்பு நிக்குது, படுக்க வெச்சுத் தூக்க முடியாது."

"கூண்டு இருக்குல்ல சார்" என்றாள் அவள்.

அடிபட்டவரைப் படுக்க வைத்துக் கிரேனில் இறக்குவதற்கான மஞ்சள் கூண்டு ஒன்று ஸ்டோருக்குப் பின்னால் இருந்தது. ஒத்திகைக்கு மூட்டை வைத்து இறக்கியதோடு சரி, மனிதரை வைத்ததில்லை. என்ஜினியர் அடுத்து என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். அவரும் அதையே கேட்டார்.

"உன்னால முடியுமா? உண்மையைச் சொல்லு."

அவள் பதில் சொல்லுமுன் ஒரு காரியம் செய்தாள். மாதக்கணக்காக எதற்குப் பயந்தாளோ அதைச் செய்தாள். குனிந்து, கால்களுக்கு நடுவே கண்ணாடி வழியாக, வலப்பக்கம் கீழே பார்த்தாள். கேட், ஸ்டோர், மண்மேடு, மஞ்சள் கூண்டு. ஒவ்வொன்றும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. எதுவும் நகரவில்லை.

"முடியும் சார். நீங்க விடாம பேசுங்க. நீங்க நிறுத்தினா நான் நிறுத்துவேன்."

அவர் பேசினார். கொஞ்சம் அதிகமாகவே பேசினார்; "இறக்கு"க்கு நடுவில் "பார்த்தும்மா, பார்த்தும்மா" என்று சேர்த்துக்கொண்டார். அவள் கம்பிக்கட்டை வெற்றிடத்தில் இறக்கினாள், கூண்டை எடுத்தாள், உச்சித் தளத்தில் கொண்டுபோய் வைத்தாள். அத்தானைப் படுக்க வைத்துக் கட்டினார்கள். மெக்கானிக் வாக்கியோடு பக்கத்தில் ஏறிக்கொண்டார். கூண்டு தளத்தை விட்டு எழும்பியது.

தன் அக்காவின் வாழ்க்கையே அந்தக் கொக்கியில் தொங்குகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அப்போதுதான் இன்னொன்றும் தெரிந்தது. இந்த மனிதர் அன்றைக்கு என்ஜினியரிடம் போகாமல் இருந்திருந்தால், இன்று இதே சீட்டில் கழுத்தை விறைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். குனிந்திருப்பாள். உலகம் சுழன்றிருக்கும். கீழே தொங்குவது இவராக இருந்திருக்கும். ஆனாலும் கை பிசகவில்லை. கூண்டு, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல, அதற்குள் கேட்டின் அருகே வந்து நின்றிருந்த ஆம்புலன்ஸ் பக்கத்தில் தரை தொட்டது.

கீழே யாரோ கைதட்டினார்கள். பிறகு சைட் முழுக்கத் தட்டியது. அவளுக்கு அது கேட்கவில்லை. மெக்கானிக் வாக்கியில் பதறிக்கொண்டிருந்தார். "எப்ப ஆரம்பிச்சதுன்னு ஆம்புலன்ஸ்காரர் கேக்கறார். இப்பதான்னு சொல்லட்டுமா?"

"இல்ல. டீக்கு முன்னாடி கடைசி லோடுல குரல் சுத்தமா இருந்துச்சு. டீ முடிஞ்சு முதல் வார்த்தையே குழறுச்சு. அப்படியே சொல்லுங்க."

அன்றைக்கெல்லாம் அவர் குரல் ஒன்றைத்தான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு யாரால் இதைச் சொல்ல முடியும்? ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, ரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசியைப் போட்டார்கள். நேரம் தெரிந்ததால்தான் தைரியமாகப் போட முடிந்தது, நேரத்தோடு வந்ததால்தான் பலித்தது என்று அங்கிருந்த டாக்டர் அக்காவிடம் சொன்னார்.

சாயங்காலம் அவள் ஏணி இறங்கியபோது என்ஜினியர் அடியில் நின்றிருந்தார். "சீட்டைப் பத்தி இனி நான் பேசமாட்டேன். அது உன்னுது" என்றார். அவளும் சும்மா இருக்கவில்லை. மறுநாள் கேன்டீனில் அதே பெஞ்சுமீது ஏறி நின்று, விட்டுப்போன பாதியைச் சொன்னாள். ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னாள். எல்லோரையும் திருப்பிச் சொல்ல வைத்தாள். மெக்கானிக் மட்டும் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

அத்தானைப் பார்க்க அனுமதித்த அன்று, வேலைக்குப் போகும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அத்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கோணியிருந்த முகம் நேராகிவிட்டது. பேச்சு மட்டும் இன்னும் கொழகொழப்பு. அதற்குப் பயிற்சி கொடுக்கிறார்களாம். அக்கா தலைமாட்டில் நின்றபடி, "பார், வந்துட்டா. இப்பவாவது ரெண்டு பேரும் பேசித் தொலைங்க. என்னால தபால் சுமக்க முடியல" என்றாள்.

அவருக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. உதடு கூடியது, வார்த்தை வரவில்லை. ஒரு நிமிஷம் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டார். பிறகு போர்வைக்குள்ளிருந்து வலது கையை எடுத்தார். அன்று விழுந்த கை. அது நடுங்கிக்கொண்டே எழுந்தது, தோளைத் தாண்டியது, நின்றது. ஆள்காட்டி விரல் கூரையை நோக்கி நீண்டது. மெல்ல ஒரு வட்டம் போட்டது.

அக்கா விழித்தாள். "என்னடி கேக்கறார்? ஃபேன் போடணுமா?"

இவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. இத்தனை நாள் வீம்பில் விழுங்கிவைத்த சொல்லையும் சேர்த்துச் சொன்னாள்.

"ஏத்தறேன் அத்தான்."